நழுவிய கோடு

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றுச் சுற்றி, எதன்மீதோ முட்டிக்கொண்டதுபோல ‘டொக்’கென்று பின்னால் உதைத்து நின்றுவிட்டது. கேலன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினான். இந்த முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டுக் கொட்டகை வாசல் மேட்டில் லாரியை ஏற்றினான். இரும்புக்குள் யாரோ கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று சத்தம் கிளம்பியது. உடனே அணைத்தான்.

“அதே சத்தம்,” என்றாள் மார்லிஸ்.

அவள் கறுப்பு கவுனுக்குக் கீழே சேற்றுக்கான ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்த காப்பி அவளுக்கு மட்டும்தான்.

“இருபத்தோரு வருஷம் மெக்கானிக்கா இருந்தியாமே. பஸ் கழுவுற வேலையோ?”

கேலன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினான்.

அவர்களுடைய அப்பா ஓர்வல் சமையலறையில் செருப்பை மாட்டக் குனிந்தபோது இறந்துபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. போனில் மார்லிஸ் சொன்னது இரண்டே வாக்கியங்கள். “அப்பா செத்துட்டார். வந்தா வா.” முந்தின நாள் மாலை மினியாபொலிஸிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி அவன் வந்து சேர்ந்தான். காலையில் அவள் லாரிச் சாவியை மேஜைமேல் போட்டாள். பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாள்: ‘என்னைக் கோதுமை லாரியில் கொண்டுபோங்கள். மார்லிஸ் ஓட்டட்டும்.’ வேறு யார் பெயரும் அதில் இல்லை.

லாரி நான்கு வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. எலி கடித்த ஒயர்களை மாற்றினான். தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் புதுப் பாயின்ட் போட்டான். கழற்றியதால், தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்கிற டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்த அப்பாவின் பழைய டைமிங் லைட்டை எடுத்து, எஞ்சின் முன்னால் சுற்றும் புல்லியின் கோட்டை, புத்தகத்தில் சொன்னபடி அங்கிருந்த முள்ளுக்கு நேராக வைத்தான். நூலளவு பிசகவில்லை.

அன்றைக்கும் பிசகவில்லை. எழுபத்துநாலு அறுவடையில், பத்தொன்பது வயதில், இதே கொட்டகையில் இதே மாதிரிதான் வைத்தான். நிறைய கோதுமை ஏற்றிக்கொண்டு கிடங்கு மேட்டில் ஏறும்போது எஞ்சின் கடகடவென்று அடித்தது. அடுத்த நடையில் பிஸ்டனில் ஓட்டை விழுந்து நீலப் புகையோடு நின்றது. ஊரே லாரிகளோடு வரிசையில் காத்திருக்க, அப்பா இறங்கிவந்து, கத்தாமல் சொன்னார்: “இவன் கை பட்டா எதுவும் உருப்படாது. இனிமே என் கொட்டகைக்குள்ள வராதே.” அதன்பிறகு கேலன் கொட்டகைக்குள் போகவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டே போனான். பிறகு டீசல் பஸ்களில் மட்டும்தான் கைவைத்தான். டீசலில் தீப்பொறி கிடையாது. வைப்பதற்கு இந்த டைமிங்கும் கிடையாது.

சவப்பெட்டியைக் கொண்டுவந்த கறுப்புக் கார் சேற்றில் நின்றிருந்தது. ஈமக்காரியம் நடத்தும் எல்ராய், பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, பதினோரு மணிக்குப் பாஸ்டர் ஆரம்பிச்சிடுவார். பேசாம என் கார்லயே கொண்டுபோயிடலாம். ஓர்வல் என்ன எழுந்திரிச்சுத் திட்டவா போறார்?”

“அவர் திட்டமாட்டார்,” என்றாள் மார்லிஸ். “இவனைத் திட்டித் திட்டி அவருக்கே அலுத்துப்போச்சு.”

“மார்லிஸ், வாயை மூடிக்கிட்டு நில்லு. இல்லைன்னா உள்ள போ.”

“என் வீடு. நான் எங்க வேணா நிப்பேன்.”

எல்ராய் இருவரையும் பார்த்துவிட்டு, “அரை மணி நேரம்,” என்று சொல்லிக் காருக்கே திரும்பிப் போய்விட்டார்.

கேலன் லைட்டை மாட்டி மறுபடி பார்த்தான். ஒவ்வொரு தீப்பொறிக்கும் லைட் ஒருமுறை மின்ன, சுற்றும் புல்லியில் கோடு இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தது. லைட் சரி என்றது. எஞ்சின் தப்பு என்றது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பத்தொன்பது வயதில் அவன் நேராகத் தன்னைத்தான் சந்தேகப்பட்டான்.

முதல் பிளக்கைக் கழற்றினான். அந்த ஓட்டைக்குள் நீளமான ஸ்குரூ டிரைவரை நிறுத்தி, புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினான். பிஸ்டன் ஏற ஏற ஸ்குரூ டிரைவரும் ஏறியது. ஒரு இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் இறங்கியது. திரும்பக் கொண்டுவந்து உச்சியில் நிறுத்தினான். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது புல்லியின் கோடு முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். குனிந்து பார்த்தான்.

கோடு இரண்டு விரல்கடை தள்ளிப் போயிருந்தது.

புல்லியின் வெளிவளையத்தை உள்வட்டோடு பிடித்துவைத்திருந்த ரப்பர் வெடித்து, வளையம் முழுவதும் முன்னால் நழுவியிருந்தது. கோடும் வளையத்தோடு நழுவிவிட்டது. அதை நம்பி யார் வைத்தாலும் தீப்பொறி முந்திக்கொள்ளும். எஞ்சின் அடிக்கும். பாரம் ஏற்றினால் பிஸ்டன் ஓட்டையாகும். எழுபத்துநாலிலும் இதுதான் நடந்திருக்கிறது.

முள்ளுக்கு நேர் கீழே வளையத்தில் அழுக்கு மட்டும் தடிப்பாக இருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்தான். அழுக்குக்குள்ளிருந்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு வந்தது. மெல்லியது, நேரானது. சரியான இடத்தில் போடப்பட்டது.

அவன் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு நிமிராமல் கேட்டான்.

“இதை எப்போ போட்டார்?”

மார்லிஸ் காப்பியைக் குடித்தாள்.

“உன்னைத்தான் கேக்கிறேன்.”

“நீ போன அந்தக் குளிர்காலம். எஞ்சினைப் பிரிச்சுக் கட்டிட்டு டைமிங் வைக்கிறப்போ அவருக்கும் அதே சத்தம். ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சிக்கிட்டார். அப்புறம்தான் கண்டுபிடிச்சார். நான்தான் லைட் பிடிச்சேன்.”

“அப்போ உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“இன்னிக்குக் காலையிலயும் தெரியும். நான் முட்டிக்கிட்டுக் கிடக்கிறேன், நீ காப்பி குடிச்சிக்கிட்டு வேடிக்கை பார்க்கிறே.”

“நீயே கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன். அவர் கண்டுபிடிச்சாரில்ல?”

கேலன் எழுந்தான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. மார்லிஸ் அதைப் பார்த்தாள்; ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை.

“இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. அந்தப் பெயின்ட் காயறதுக்குள்ள, நீ எனக்குக் கொடுத்திருந்த போன் நம்பரைக் கேட்டார். பிரஷ்ஷைக்கூடக் கழுவலை. தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன்.”

“தொலைஞ்சுபோச்சா?”

“என் பாக்கெட்டுலதான் இருந்தது.”

வெளியே எல்ராயின் ஆட்கள் ஏதோ பேசிச் சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

“ஏன் மார்லிஸ்?”

“நீ வந்திருந்தா லாரி உனக்கு. நிலம் உனக்கு. எனக்கு என்ன? லைட் பிடிக்கிற வேலை. இல்லைன்னா எவனையாவது கட்டிக்கிட்டு டவுன்ல போய்க் குந்தியிருக்கணும். பனியில கன்னுக்குட்டி இழுத்தது நான். அவர் மூத்திரத் துணி துவைச்சது நான். நான் வருத்தப்படறேன்னு நினைக்காதே. மறுபடி கேட்டாலும் தொலைஞ்சுபோச்சுன்னுதான் சொல்வேன்.”

கேட்கக் கூடாது என்று நினைத்ததைத்தான் கேலன் கேட்டான்.

“எத்தனை தடவை கேட்டார்?”

அவள் முகம் முதல்முறையாகத் தடுமாறியது.

“ஒரே ஒரு தடவை,” என்றாள். “‘சரி’ன்னார். அதோட சரி.”

மினியாபொலிஸில் அவன் பெயர் டெலிபோன் புத்தகத்தில் இருந்தது. இருபத்தோரு வருஷமும் இருந்தது.

அவன் குனிந்து பிளக்கை மாட்டினான். எஞ்சினை ஓடவிட்டு, வெள்ளைக் கோட்டின்மீது லைட்டை அடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். வெள்ளைக் கோடு மெல்ல நகர்ந்து தன் இடத்தில் நின்றது. போல்ட்டை இறுக்கினான். அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினான். உதைக்காமல் பிடித்துக்கொண்டது. கோலிக்குண்டுச் சத்தம் இல்லை.

எல்ராயின் ஆட்கள் நால்வர் பெட்டியைத் தூக்கிவந்து லாரியின் பலகைத் தளத்தில் வைத்தார்கள். கட்டுவதற்குக் கயிறு யாரிடமும் இல்லை. மார்லிஸ் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, நல்ல ஷூவை மாட்டிக்கொண்டு டிரைவர் இருக்கையில் ஏறினாள். பக்கத்துக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள்.

“ஏறு. பின்னால உக்காந்தா உன் சூட்டெல்லாம் அழுக்காயிடும்.”

அவன் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கமாகப் போய்த் தளத்தில் ஏறினான். ஓரத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

லாரி சரளைச் சாலையில் கிளம்பியது. இரண்டு பக்கமும் உழாத வயல்களில் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. மார்லிஸ் நிதானமாகத்தான் ஓட்டினாள். தேவாலயத்து மேடு வந்ததும் கியரைக் குறைத்தாள். எஞ்சின் முக்காமல் முனகாமல் ஏறியது.

சரிவில் பெட்டி மெதுவாக நழுவத் தொடங்கியது. ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை. கேலன் வலது காலை நீட்டி, பூட்ஸின் அடியை அதன்மீது வைத்தான். அப்பாவின் பாரம் முழுவதும் முழங்கால்வரை வந்து இறங்கியது.

மேடு முடிந்து சாலை சமமான பிறகும் அவன் காலை எடுக்கவில்லை.