கையில் கொடுக்கிற ஐம்பது ரூபாய்

சித்தூர் டிப்போவில் இருபத்தேழு வருஷம் கண்டக்டராக இருந்தவள் நான். இப்போது பஸ் ஏறினால் என்னிடமே ஆதார் கார்டைக் காட்டச் சொல்கிறார்கள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அதனால் கார்டு வேண்டும். ரிட்டயராகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் எல்லாம் புதுப் பிள்ளைகள். "நேனு கூடா கண்டக்டரே நைனா", நானும் கண்டக்டர்தானப்பா என்று ஒருவனிடம் சொல்லிப் பார்த்தேன். "அவுனா மேடம்", அப்படியா என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விட்டான். சரி போ.

சனிக்கிழமை தவறாமல் திருப்பதிக்குப் போகிறேன். யாராவது கேட்டால் சாமி பார்க்க என்று சொல்வேன். அது பொய். மலை ஏறி ஒன்றரை வருஷமாகிறது. நான் போவது ஒரு சாப்பாடு சாப்பிட. பூதலப்பட்டு, சந்திரகிரி தாண்டி எழுபது கிலோமீட்டர் போய், ஒரு ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டுவிட்டு, கிடைக்கிற பஸ்ஸில் திரும்பி வருவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். ஒரே மகன் கிரண்குமார் புனேவில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரிம்மா." மூன்று நிமிஷம். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரோடு கத்திக்கொண்டிருந்த வாய் இது. இன்று காலையிலிருந்து ராத்திரி வரை பால் பாக்கெட்காரனிடம் ஒரு வார்த்தை, மருந்துக் கடையில் ஒரு வார்த்தை. சில நாள் சாயங்காலம் பேச வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். எனக்கே பயமாக இருக்கும்.

அந்த ஓட்டல் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது. பேர் வேண்டாம். முதல் தடவை போனபோது நல்ல கூட்டம். மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் பூசிய குடும்பம் ஒன்றை என் மேஜையிலேயே நெருக்கி உட்கார வைத்தார்கள். "தனியா வந்தா மனுஷியே இல்லியா இவங்களுக்கு" என்று நான் தமிழில் முணுமுணுத்தது, தண்ணீர் ஊற்ற வந்த சர்வர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னாக்கா, நம்ம பக்கமா?" என்றான் சிரித்துக்கொண்டே. "நான் கார்வேட்டிநகரம்."

"நான் பொறந்தது நகரி. உம் பேரு இன்னா?"

"குணா."

நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் சின்னக் குங்குமம். அடுத்த வாரத்திலிருந்து ஜன்னலோரத்து ஆறாம் நம்பர் மேஜை எனக்கு. இரண்டு பேர் உட்காரும் மேஜை. எதிர் நாற்காலியில் என் பையை வைக்கச் சொல்லிவிடுவான். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அங்கே யாரையும் உட்கார விடமாட்டான். சாப்பிட்டு முடித்ததும் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து வைப்பான். நான் பில்லுக்கு மட்டும் அதில் வைப்பேன். டிப்ஸ் ஐம்பது ரூபாயைத் தனியாக மடித்து அவன் கையில் கொடுப்பேன். அதை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்று பேசுவான்.

"முட்டி எப்பிடிக்கீது? நான் சொன்ன தைலம் தடவுனீங்களா?"

"தடவினேன். நாத்தம்தான் மிச்சம். உம் பொண்ணு பரிட்சை எழுதிட்டாளா?"

"தேன்மொழியா? எழுதிக்கினே கீறா. நர்சிங் சும்மாவா?"

இவ்வளவுதான். இந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் நான் நூற்று நாற்பது கிலோமீட்டர் போய் வந்துகொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செவ்வாய்க்கிழமையே அடுத்த சனிக்கு அவனிடம் என்ன சொல்லலாம் என்று சேர்த்து வைக்க ஆரம்பித்துவிடுவேன்.

தை மாசம் ஓட்டலைப் பதினைந்து நாள் மூடித் திறந்தார்கள். புது ஏசி, புது நாற்காலி, புது மேனேஜர். ஜெயபிரகாஷ் என்று பேர், முப்பது வயது, இன் பண்ணின சட்டை. மேஜைக்கு மேஜை ஒரு க்யூஆர் அட்டை. அதில் பணம் கட்டினால் போதும், பில் புத்தகமே கிடையாது. சுவரில் தெலுங்கில் ஒரு போர்டு: பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கப்படும், ஊழியர்களுக்குத் தனியாக டிப்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்று நான் சாப்பிட்டு முடித்ததும் குணா தட்டை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தான். நான் ஐம்பது ரூபாயை நீட்டினேன்.

"வேணாக்கா. கேமரா கீது. வாங்கனா திட்டுவாங்க" என்று அடிக்குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நிற்கவே இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விடுவேனா? நேராக கவுன்டருக்குப் போனேன்.

"நான் குடுக்கறத எங் கையால குடுக்கறேன். நீங்க யாரு அத பில்லுல புடுங்கறதுக்கு? இது கட்டாயமில்ல, வேணாம்னா எடுக்கச் சொல்லலாம்னு பேப்பர்ல படிச்சிக்கிறேன்."

ஜெயபிரகாஷ் பதில் சண்டைக்கே வரவில்லை. "தப்பக எடுத்துடலாம் மேடம்", கண்டிப்பாக எடுத்துவிடலாம் என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி, மெஷினைத் தட்டி, பத்து சதவீதம் இல்லாத பில் ஒன்றை எடுத்தான். அதோடு ஒரு சின்னச் சீட்டு. "ஒரு கையெழுத்து மட்டும்."

சீட்டில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. டிப்போவில் தினமும் ராத்திரி அப்படித்தான். கலெக்‌ஷன் கட்டியதும் கிளார்க் தாளைத் தள்ளுவார், பெருக்கல் குறி எங்கே இருக்கிறதோ அங்கே போட்டுவிட்டு ஓடுவோம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. கையே பழகிப்போன பழக்கம். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த சனிக்கிழமை ஐம்பதை எப்படியாவது கேமராவுக்குத் தெரியாமல் அவன் கையில் திணித்துவிட வேண்டும் என்று சந்திரகிரி வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆறாம் நம்பரில் வேறு ஒருவன் நின்றான். குணா எங்கே என்று கேட்டேன். "பார்சல்" என்று கீழே கை காட்டினான்.

சாப்பிடாமல் இறங்கிப் போனேன். பின்பக்கச் சந்தில் ஒரு ஜன்னல். உள்ளே குணா வியர்த்து வழிந்துகொண்டு சாம்பாரைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தான். வெளியே டெலிவரி ஆட்கள் ஹெல்மெட்டோடு நின்றார்கள்.

"இன்னாடா இது?"

"ஒண்ணுமில்லக்கா. மாத்திட்டாங்க."

"எதுக்கு மாத்துனாங்க?"

அவன் அடுத்த டப்பாவை எடுத்தான். மறுபடியும் கேட்டேன். நான் விடுகிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"சர்வீஸ் சார்ஜ் வேணாம்னு எழுதிக் குடுத்தா, அந்த டேபிள் சர்வர் சரியா கவனிக்கலன்னு அர்த்தமாங்க்கா. சீட்டுல அப்பிடித்தான் போட்டுக்கீது. நீங்க கையெழுத்து போட்டுக்கிறீங்க. ரெண்டு மாசம் ஃப்ளோர்ல நின்னு பரிமாறக்கூடாது, சார்ஜுல பங்கும் கெடையாது."

"அடப்பாவி! எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றது? உங்க போன் நம்பரே எங்கிட்ட இல்லியே."

கண்டக்டருக்கு மெமோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு பாசஞ்சர் தன் வீட்டுக் கோபத்தில் எழுதிப்போட்ட புகாருக்கு நான் பதினோரு நாள் சஸ்பென்ஷனில் இருந்திருக்கிறேன். அந்தப் பாசஞ்சரை எத்தனை வருஷம் மனதுக்குள் சபித்தேன்! இன்றைக்கு நானே ஒருவனுக்கு மெமோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் எனக்கென்று இருக்கும் ஒரே ஒருவனுக்கு. சந்தில் நின்றபடியே என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"தேன்மொழி ஃபீசு?" என்றேன்.

"பாத்துக்கலாங்க்கா. நீங்க போயி துன்னுங்க, மணி ஆவுது."

மேலே போனேன். ஜெயபிரகாஷிடம் சத்தம் போடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "தப்பு என்னுது. அந்தச் சார்ஜ டபுளா போட்டுக்கோங்க. அவன மேல அனுப்புங்க."

"அட்லா குதரது மேடம், அப்பிடி முடியாது. கம்ப்ளெய்ன்ட் சிஸ்டத்துல ஏறிடுச்சி. ஓனர் பாத்துட்டாரு. நீங்க வாபஸ் வாங்கணும்னா லெட்டர் எழுதிக் குடுக்கணும். சும்மா வாபஸ்னு எழுதினா, சர்வர் மிரட்டி எழுத வெச்சான்னு நினைப்பாங்க. சர்வீஸ் நல்லா இருந்தும் ஏன் சார்ஜ எடுக்கச் சொன்னீங்க, காரணம் எழுதுங்க."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தான். கவுன்டர் ஓரத்தில் நின்றுகொண்டு காரணத்தை யோசித்தேன். பேப்பரில் படித்தது காரணமா? கொள்கையா? போங்கடா. பின்னால் ரொக்கம் கட்ட வரிசை நிற்கிறது. பொய்யாக எதை எழுதினாலும் மறுபடி அவன் தலையில்தான் விடியும். இருபத்தேழு வருஷத்தில் யாரிடமும் ஒரு குறையும் சொல்லாதவள், புருஷன் செத்த பதினேழாம் நாள் டியூட்டிக்குப் போனவள், தெலுங்கில் எழுதினேன்:

"என் பெயர் தாட்சாயணி. நான் தனியாக இருக்கிறேன். மகன் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வான். எனக்குப் பேச வேறு ஆள் இல்லை. குணா கையில் டிப்ஸ் கொடுக்கும்போது அவர் இரண்டு நிமிடம் நின்று பேசுவார். பில்லில் எடுத்துக்கொண்டால் அவர் நிற்கமாட்டார் என்று சண்டை போட்டேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை."

இந்தத் தடவை கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை படித்தேன். ஜெயபிரகாஷ் அதை நின்றபடியே படித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நேனு சூசுகுண்டானு மேடம்" என்றான், மெதுவாக. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று சொல்ல முடியாது. போகலாமா வேண்டாமா என்று ஏழு நாளும் எனக்குள்ளேயே சண்டை. சனிக்கிழமை காலையில் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

கதவைத் தள்ளினேன். குணா ஆறாம் நம்பர் பக்கத்தில் புது யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிச் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. போய் உட்கார்ந்து பையை எதிர் நாற்காலியில் வைத்தேன்.

தட்டு வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் பெண் ஒருத்தி வந்தாள். "தாட்சாயணி மேடம், பாகுன்னாரா? சித்தூர்ல வெயில் எப்படி?" என் பேர் இவளுக்கு எப்படித் தெரியும்? ஏதோ சொன்னேன். சிரித்துக்கொண்டே போனாள். சாம்பார் ஊற்றியவன் பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டான். அப்பளம் கொண்டுவந்தவன் வெயிலில் அலையாதீங்க மேடம் என்றான். அடேயப்பா, என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மோர் வைத்த பையன் குனிந்து, பதமாக, "கொடுக்கு போன் சேசாடா மேடம்?" என்று கேட்டான்.

மகன் போன் செய்தானா.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். குணாவைக் கண்ணால் கூப்பிட்டேன். வந்தான்.

"லெட்டர எல்லாருக்கும் காட்டிட்டாங்களா?"

"காட்டலக்கா. திங்கக்கெழமை மீட்டிங்ல மேனேஜரே படிச்சாரு. படிக்கும்போதே அவரு கண்ணு கலங்கிப்போச்சி, சத்தியமா. நல்ல மனுஷன்க்கா. ஆறாம் நம்பர் மேடம் வந்தா எல்லாரும் ரெண்டு வார்த்த பேசணும், இதான் சர்வீசுன்னு சொல்லிட்டாரு."

"உனக்கும் சொன்னாரா?"

"எல்லாருக்குந்தான் சொன்னாரு."

அவனுக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மனசு. கவுன்டரிலிருந்து ஜெயபிரகாஷ் எங்களைப் பார்த்து, நன்றாக இருக்கட்டும் என்பதுபோல் தலையசைத்தான். அவன் மேலும் கோபப்பட முடியவில்லை. எனக்கு வாய்த்த ஒரே ஆயுதம் கோபம், அதுவும் அன்று கைக்கு வரவில்லை.

"முட்டி எப்பிடிக்கீதுக்கா?" என்று கேட்டான் குணா.

அவன் முகத்தையே பார்த்தேன். அதே சிரிப்பு, அதே குங்குமம், அதே குரல். போன மாசம்வரை இந்தக் கேள்வியை அவனாகக் கேட்டான். இப்போது அவனாகக் கேட்கிறானா, கேட்கச் சொன்னதால் கேட்கிறானா? அவனைக் கேட்டால் சத்தியம் செய்வான். அவன் சத்தியத்தை நம்பவும் செய்வேன். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்ததும் மறுபடி சந்தேகம் வரும். இனி எப்போதும் வரும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோரை எடுத்துக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

"பரவால்ல இப்போ" என்றேன்.

அவன் நகரவில்லை. தண்ணீர் ஜாடியை இடுக்கிக்கொண்டு, இன்னும் ஏதாவது நான் சொல்வேன் என்று நின்றான். தேன்மொழியைப் பற்றிக் கேட்க நாலு விஷயம் சேர்த்து வைத்திருந்தேன்.

"ஏழாம் நம்பர்ல தண்ணி கேக்கறாங்க பாரு, குணா. போ."

அவன் ஏழாம் நம்பருக்குப் போனான். அங்கே யாரும் தண்ணீர் கேட்கவில்லை.