முறைப் பியானோ

வல்லத்திராக்கோட்டையில் நான்கு பங்காளி வீடுகளுக்குப் பொதுவாக ஒரு பியானோ உண்டு. கோயில் பூசையை முறை வைத்துப் பார்ப்பது போல அதையும் முறை வைத்திருந்தார்கள், வருஷத்துக்கு ஒரு வீடு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் ஆட்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கி, லோடு வண்டியில் ஏற்றி, அடுத்த பங்காளி வீட்டில் இறக்குவார்கள். மேலே சந்தனம், குங்குமம். காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம். பியானோ இருக்கும் வீட்டு வாசலில்தான் அம்மன் சப்பரம் நிற்கும். அந்த வீட்டுக்காரருக்குத்தான் பரிவட்டம்.

இந்த மரியாதையைச் சம்பாதித்தவர் நான்கு வீட்டுக்கும் தாத்தாவான சிதம்பரம் அம்பலம். கப்பலேறப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் திருச்சியில் ஏலம் விட்ட பியானோ அது. ஏலத்தில் எடுத்த மர வியாபாரியின் வீட்டு வாசலுக்குள் அது நுழையவில்லை. தாத்தாவின் தலையில் கட்டிவிட்டார். திருவிழாவன்று தாத்தா அதை வாசிக்க, அம்மனே மெய்மறந்து நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். சப்பரம் தூக்கியவருக்குக் காலில் முள் குத்தியதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பங்காளிகள் இல்லை.

தாத்தாவுக்குப் பிறகு அதில் கை வைத்தவர்கள் எல்லாம் தூசி துடைத்தவர்கள்தான்.

அப்பா இறந்த பிறகு, பேரன்களில் ஒருவரான உடையப்பனுக்கு வரும் முதல் முறை இது. மனுஷன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஒரு பழைய காயம் ஆறவில்லை. சிறுவயதில் அப்பா அவரைப் பியானோ முன் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். எதைத் தட்டினாலும் தகரம் தட்டுவது போலத்தான் வரும். “எங்கப்பா கை ஒனக்கு வாய்க்கலடா” என்று தெருவே கேட்கும்படி சொல்வார் அப்பா. தெருவும் அதை மறக்கவில்லை. தன் முறையில் பியானோ பேச வேண்டும், அந்தப் பெயர் போக வேண்டும் என்று உடையப்பன் திருச்சியிலிருந்து இன்னாசிமுத்து என்ற ரிப்பேர்காரரை வரவழைத்தார்.

இன்னாசிமுத்து ஒரு சின்னக் கதவைத் தள்ளினார். உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு காகிதச் சுருள். கிழிந்த குழாய்களை ஒட்டி, காற்றை இழுக்கத் தூசி உறிஞ்சும் மெஷினை அதில் மாட்டி சுவிட்சைப் போட்டார். கட்டைகள் தானாக இறங்கின. வீடு நிறைய இசை. கரண்டியோடு ஓடிவந்த மனைவி ராக்காயி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“இது தானா வாசிக்கிற பியானோங்க. சீமையில ஒருத்தர் வாசிச்சத அப்படியே பேப்பர்ல பிடிச்சு வச்சிருக்காங்க. அவரு அழுத்துனது, மெல்லத் தொட்டது எல்லாம் அச்சா வரும்.”

“அப்ப எங்க தாத்தா?”

“ஒக்காந்திருப்பாருங்க.”

இப்படி ஒரு பெட்டி நிறையச் சுருள்களைக் கரையான் அரித்த குப்பை என்று அப்பா கொல்லையில் போட்டு எரித்தது உடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. கை வாய்க்காதது தனக்கு மட்டுமில்லை, வம்சத்தில் ஒருத்தருக்குமே வாய்க்கவில்லை. அடுத்த நொடி ஓடிப்போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார். விஷயம் வெளியே போனால் பரிவட்டம் போகும், அதுவும் அவருடைய முறையில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது. பெரியப்பா மகன் கண்ணன், போன வருஷ முறைக்காரர். மெஷினை நிறுத்தத் தோன்றாமல் உடையப்பன் ஸ்டூலில் பாய்ந்து உட்கார்ந்து, இறங்கும் கட்டைகள்மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

கண்ணன் சுருள் தீரும்வரை நின்று கேட்டார்.

“கைய ரொம்பத் தாழ வைக்கிற. கட்ட தன்னால எறங்குறது தெரியுது. கொஞ்சம் மேல தூக்கி ஆட்டு.”

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா?”

“முறை வந்தவுக எல்லாருக்கும் தெரியும். ஒங்கப்பாதான சொன்னாரு. தாத்தா ஒக்காந்திருக்க, உள்ள பேப்பர மாட்டி விட்டதே அவருதான்.”

உடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. தெரிந்தே சொன்ன மனுஷன். தெரிந்தே தெருக் கேட்கச் சொன்ன மனுஷன். செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

“பெத்த பிள்ளைகிட்ட மட்டும் ஏண்ணே சொல்லல?”

“ஒனக்குப் பொய் சொல்ல வராதுன்னாரு.”

திருவிழாவன்று சப்பரம் வந்து நின்றது. மெஷினை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தெரு முழுக்கக் கொட்டுச் சத்தம் ஓய்ந்து பியானோ கேட்டது. உடையப்பன் கையைத் தூக்கி வைத்து, கண்ணை மூடி, தலையையும் ஆட்டினார். ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக் கண்ணில் நீர் வரக் குலுங்கியதை ஊர் ஆனந்தக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டது.

பரிவட்டம் கட்டிய பூசாரி உடையப்பனின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அம்பலத்தோட கை அப்படியே வாச்சிருக்குங்க ஒங்களுக்கு.”

“எங்கப்பா சின்னப் பிள்ளையிலயே சொல்லிட்டாருங்க, இந்தக் கை ஒனக்குத்தான்னு” என்றார் உடையப்பன்.