ஒட்டியும் வெட்டியும்

அந்தப் பள்ளிக்கூடத்தின் பேச்சு மன்றத்தில், தலைப்பை ஒட்டிப் பேசிய பிள்ளைகள் தரையோடு ஒட்டிக்கொண்டார்கள். மனதார நம்பிப் பேசியவர்கள் மட்டும்தான். மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் வழக்கம்போல் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பயனில்லை, பாதமே ஒட்டியிருக்கும். யாராவது எழுந்து சரியாக வெட்டிப் பேசினால்தான் கால் வரும். மன்றத்தை நடத்திய டீச்சர் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டாள். வேன் கிளம்புவதற்குள் தோழியை மீட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேசும் கலை தானாகவே படிந்தது. ஒரு வருஷம் வேன் ஓட்டுநரே உள்ளே வந்து, "செல்போன் நல்லதுன்னு எவன் சொன்னான்? எம் பையனை வந்து பாரு!" என்று கத்தி, இரண்டு பேரைக் கழற்றிக்கொண்டு போனார்.

டீச்சர் என் மனைவி. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். எனக்கு 'டீச்சர் வீட்டுக்காரர்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இன்னொன்று கிடைக்கும்படி நான் எதுவும் செய்ததுமில்லை. மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மன்றத்தை மூடிவிடலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். நான் தலையாட்டினேன். அதை நீங்களே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். "அவள் இல்லாமல் இந்த மன்றம் நடக்காது" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்துப் பேர் முன்னால் நின்று ஒன்றை மனதாரச் சொன்னேன். அத்தோடு கால் ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வெட்டிப் பேசினார்கள். எல்லோருக்கும் என்மேல் இரக்கம். "சார், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது, இருந்தாலும்..." என்று ஆரம்பிக்கும்போதே பாதம் இன்னும் இறுகியது. சனி, ஞாயிறு அங்கேயே நின்றேன். மைத்துனி சாப்பாடு கொண்டுவந்தாள், காவலாளி முதுகுக்கு ஒரு மேசையை நகர்த்திக் கொடுத்தார். திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்காரர்கள் என் தோளில் உலக வரைபடத்தை மாட்டினார்கள். அந்தப் பள்ளிக்கு நான் செய்த முதல் உபகாரம் அது.

மன்றத்தில் 'எதிர்க்கேள்வி' என்று ஒரு பெண் உண்டு. மாதிரி நேர்காணலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் "எதுக்கு?" என்று கேட்பவள். டீச்சர் ஒவ்வொரு முறையும் அவளைத் தோற்கடித்து, அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டு உட்கார வைப்பாள். வெள்ளிக்கிழமை காய்ச்சலில் வராத அவள், திங்கட்கிழமை சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர் இல்லாம மன்றம் நடக்காதுங்கறீங்க. டீச்சர் இருந்தப்ப மட்டும் முழுசா நடந்துச்சா சார்?"

"ஏய்!" என்றார் தலைமையாசிரியை.

"இருங்க மேடம், என் நேரம் ஓடுது. தலைப்பை விளக்கறேன்னு ஆரம்பிப்பாங்க, முடிக்கறப்ப வேன்காரர் ஹாரன் அடிப்பாரு. எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். அதுலயும் நடுவுல மணியடிச்சுட்டு அவங்களே பேசுவாங்க. இப்பத்தான் சார் எங்க முறை வந்திருக்கு, இப்பப் போய் மூடறேங்கறீங்க. வீட்ல நீங்களாவது ஒருநாள் பேசி முடிச்சீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி போனபிறகு வந்த முதல் சிரிப்பு. நிறுத்தத் தெரியாமல் குலுங்கியதில் தோளிலிருந்த கண்டங்கள் எல்லாம் தரையில் விழுந்தன. குனிந்து எடுக்கப் போனபோதுதான் கால் வந்திருப்பதைக் கவனித்தேன்.

மன்றம் நடக்கிறது. நான் மணி அடிக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் என்னை நம்பி எதையும் கொடுப்பதில்லை. வீட்டில்தான் கொஞ்சம் சிரமம். முப்பது வருஷம் நான் எதைச் சொன்னாலும் வெட்டிப் பேச அங்கே ஆள் இருந்தது. அதனால் எங்கும் ஒட்டிக்கொண்டதேயில்லை. இப்போது சமையலறையில் தனியாக எதையாவது சொல்லிவிட்டு, அப்படியே நின்றுவிடுகிறேன். மைத்துனிக்கு ஃபோன் போடுவேன். எடுத்த எடுப்பிலேயே "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது அத்தான்" என்பாள். நான் என்ன சொன்னேன் என்றுகூடக் கேட்பதில்லை. கால் வந்துவிடும். பாலை இறக்கி வைப்பேன்.