கமலினி டீச்சருக்கு ஒரு வட்டம்

கமலினி டீச்சரைக் குழுவில் சேர்க்கும் எண்ணமே முதலில் எனக்கு இல்லை. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? ஜூன் மாதத்திலிருந்து என் மகள் நிலாவின் டைரியில் சிவப்பு மையில் குறை எழுதி அனுப்புவது அந்த அம்மாள் ஒருத்திதான். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு பாகத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டினால் அது கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். பெற்ற பிள்ளை மேல் வாராவாரம் சிவப்புச் சீட்டு ஒட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

நிலா ஆறாவது படிக்கிறாள். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேச்சு குறைவு, ஆனால் படம் போட்டுக் காட்டினால் கணக்கு மளமளவென்று வரும். ஒரே தொல்லை, சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வகுப்பை விட்டு எழுந்து கேட்டுக்கு ஓடிவிடுவாள். பிடித்து வந்து உட்கார வைத்தால் அன்றைக்கு அதற்கு மேல் பென்சிலைத் தொடமாட்டாள்.

"ரோட்டு மேல ஸ்கூலு. கண்டெய்னர் லாரி போற இடம்" என்றார் ஹெச்.எம். "இப்படியே இருந்தா வட்டாரத்துச் சிறப்புப் பிள்ளைங்க மையத்துக்கு மாத்துறதுதான் நல்லது மெர்சி."

அவள் வகுப்பை விட்டு, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளை விட்டு, எங்கேயோ தனியாக. எனக்கு மனசு ஒப்பவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் வரும் சிறப்பாசிரியை கவிப்பிரியாதான் கை கொடுத்தாள். நிலாவுக்கென்று தனியாக ஒரு கல்வித் திட்டம் போடலாம், அதற்கு ஒரு குழு வேண்டும் என்றாள். ஹெச்.எம்., அவள், நானும் என் வீட்டுக்காரரும், கூடவே இரண்டு ஆசிரியர்கள். "அந்த ரெண்டு பேர் யாருன்னு நீங்களே சொல்லுங்க நிலாம்மா."

ஆள் பொறுக்குவதா? அது எனக்குத் தெரிந்த வேலை. எங்கள் லைனில் ஒருத்தரை மெஷினில் நிறுத்துமுன் ஒரு அட்டவணை பார்ப்போம். பேருக்கு நேரே ஒரு வட்டம், நாலாகப் பிரித்தது. அடுத்தவர் செய்வதைப் பார்த்து மட்டும் இருந்தால் கால்வட்டம் கறுப்பு. கூட ஆள் இருந்து செய்தால் அரை. தனியாகச் செய்தால் முக்கால். அடுத்தவருக்குச் சொல்லித்தரத் தெரிந்தால் முழு வட்டம். நிலாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஆறு டீச்சர்களுக்கும் வட்டம் போட்டேன். ஷிப்ட் முடிந்து, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்று ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: நிலா எப்போது சிரிப்பாள், எப்போது ஓடுவாள்?

"நிலாவா? தங்கமான பொண்ணு மேடம். ஒரு ப்ராப்ளமும் இல்ல" என்றார் கணக்கு வாத்தியார் ஹேமந்த் சார். மனசு குளிர்ந்துபோய் அந்த இடத்திலேயே முக்கால் வட்டம் கறுப்படித்தேன். விளையாட்டு வாத்தியார் பகலவன், "ஓட ஆரம்பிச்சா என்னாலயே புடிக்க முடியல மேடம்" என்று சிரித்தார். அவருக்கு அரை. கமலினி டீச்சரிடம் நான் கேட்கவே இல்லை. வட்டம் காலியாகவே கிடந்தது.

என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அட்டவணையைப் பார்த்து அவருக்கும் திருப்தி. "ஹேமந்த் சாரையும் பகலவன் சாரையும் போடு. நம்ம புள்ளைய ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. அந்த சிவப்பு டீச்சரு இன்னாத்துக்கு?"

மறுநாள் கம்பெனியில் ஒரு ரகளை. நாங்கள் அனுப்பிய பாகம் ஒரு பெட்டி நிறையத் திரும்பி வந்துவிட்டது. எல்லாச் சீட்டிலும் ஓகே முத்திரை, எல்லாப் பாகத்திலும் பிசிறு. சூப்பர்வைசர் எழிலரசி அக்கா மேசையைத் தட்டினார். "பார்க்காம ஓகே போட்டவங்கள கூப்ட்டு இன்னா பண்றது? போன வாரம் டைம் போட்டு குறை எழுதிக் குடுத்தாளே மெர்சி, அவளை மீட்டிங்ல உக்கார வைங்க."

ஆறு வருஷமாக லைனில் எல்லோர் வாயிலும் விழுகிறவள் நான். குறைக்காரி என்றே எனக்குப் பேர். அப்படிப்பட்ட நான் போய் ஓகே முத்திரைக்கு மயங்கியிருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்தேன். இத்தனை நாளும் சிவப்பு மையைப் பார்த்ததும் கோபத்தில் கையெழுத்துப் போட்டு மூடியவள், அன்றைக்குத்தான் படித்தேன். எல்லாவற்றிலும் நேரம் இருந்தது. '1.52. எழுந்து ஓடினாள்.' '1.50. ஓடினாள். அழவில்லை.' ஹேமந்த் சார் பேரை அடித்துவிட்டு கமலினி டீச்சர் பேரை எழுதினேன்.

அக்டோபர் முதல் வாரம் கூட்டம். என் அட்டவணையைக் கவிப்பிரியா ஆசையாக வாங்கி எல்லோருக்கும் காட்டித் தொலைத்தாள்.

"எனக்கு மட்டும் காலியா இருக்கே?" என்றார் கமலினி டீச்சர்.

"உங்ககிட்ட நான் கேக்கவே இல்ல டீச்சர். கோவம்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டைத் திறந்தார். "திங்கள், செவ்வாய், புதன் மத்தியானம் என் வகுப்பு. முப்பத்தோரு தடவை ஓடியிருக்கா. எல்லாம் ஒண்ணே முக்காலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல. ஓடும்போது சிரிக்கிறா. பயந்து ஓடுற குழந்தை சிரிக்காது. ஆகஸ்ட் இருபத்தேழுலேர்ந்து செப்டம்பர் எட்டு வரைக்கும் ஒரு நாள்கூட ஓடல. அப்ப என்ன நடந்ததுன்னுதான் எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அந்தோணிராஜ் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தார். பஸ்ஸை வேறு ஆள் ஓட்டினான். நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் பஸ் சாவியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், இன்னா பண்ற நீ?"

"மூணு தபாதான் ஹாரன் அடிப்பேன் மெர்சி. மத்தியானம் பி ஷிப்ட் ஆளுங்கள ஏத்திகினு ஸ்கூல தாண்டறப்போ. அப்பா போறேன்னு புள்ளைக்குத் தெரியணும் இல்ல?"

ஹெச்.எம். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் முதலில் சிரித்ததும் அவர்தான். எனக்கு அந்த ஆளை நாலு சாத்து சாத்தவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. என் பிள்ளை வகுப்பு பிடிக்காமல் ஓடவில்லை. அப்பாவைப் பார்க்க ஓடியிருக்கிறாள்.

"இனிமே ஹாரன் அடிக்க மாட்டேம்மா" என்றார் அந்தோணிராஜ்.

"அது வேண்டாம்" என்றார் கமலினி டீச்சர். "ஒரே ஒரு தடவை அடிங்க. அவ ஜன்னலுக்குப் போகட்டும், கை காட்டட்டும், வந்து உக்காரட்டும். ரெண்டு நிமிஷம். கவிப்பிரியா, இதைத் திட்டத்துல முதல்ல எழுதும்மா."

ஒரு மாதம் பார்க்கலாம், அப்புறம் மையத்தைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார் ஹெச்.எம். முதல் வாரம் இரண்டு நாள் கேட்டுக்கு ஓடினாள். பகலவன் சார் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிவந்தார். அப்புறம் ஓடவில்லை.

நான் அட்டவணையில் கமலினி டீச்சருக்கு முக்கால் வட்டம் கறுப்படித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மிச்சம் கால்?"

"அடுத்தவங்களுக்கு சொல்லிக் குடுத்தாதான் டீச்சர். எங்க கம்பெனி ரூல்."

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. வியாழக்கிழமை நிலா டைரியை நீட்டினாள். வியாழன், வெள்ளி மத்தியானம் ஹேமந்த் சார் வகுப்பு. எப்போதும் 'வெரி குட்' என்று மட்டும் எழுதுகிறவர். அன்றைக்குச் சிவப்பு மையில், அவர் கையெழுத்தில் இருந்தது: '1.51. ஜன்னலுக்குப் போனாள். கை காட்டினாள். தானாக வந்து உட்கார்ந்தாள். நாலு கணக்குப் போட்டாள். ஒன்று தப்பு.' கீழே ஹெச்.எம். எழுதியிருந்தார்: 'மையம் வேண்டாம். இங்கேயே படிக்கட்டும்.'

அந்த 'ஒன்று தப்பு' என்பதை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அப்புறம் நிலாவின் பென்சிலை வாங்கி, கமலினி டீச்சரின் வட்டத்தில் மிச்சமிருந்த கால் பங்கையும் நிரப்பினேன்.