காலிக் கட்டம்

சுகாதாரக் கணக்கெடுப்பில் அவருக்குப் பதினேழு வருடம். அவர் கொண்டுவரும் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. அலுவலகத்தில் அவர் பெயர் ‘காலிக் கட்டம்’. எதைக் கண்டால் ஆகாதோ அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த முறை வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அவர் வீடே விழுந்தது. சொந்த வீட்டை யாரும் எடுக்கக் கூடாது என்பது விதி. கூட வேலை பார்க்கும் பெண் வந்தாள். அவர் விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணி, போன பதினஞ்சு நாள்ல வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சா?”

“இல்லம்மா,” என்று அவர் முந்திக்கொண்டார்.

“உங்களக் கேக்கலண்ணே. நடுவுல யாரையும் பேச விடாதேன்னு பாடம் எடுத்ததே நீங்கதான்.”

மனைவி உள்ளே போய், மடித்த படிவத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கிடைத்தது. அவர் கையெழுத்து. நோய்க்குறி: படி ஏறினால் நெஞ்சு வலி. நாட்கள்: பதினொன்று. சிகிச்சை: பெறவில்லை. காரணம்: நேரமில்லை.

யாரிடமும் சொல்லாததைப் படிவத்திடம் சொல்லியிருந்தார்.

“ஊர்ல எவன் தும்மினாலும் இவருக்குத் தெரியணும். இவருக்கு நெஞ்சு வலின்னா நான் சட்டைப் பையில தேடணும்,” என்றாள் மனைவி. “எழுதிக்கம்மா. நாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம்.”

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் பதினாறு பேர். டாக்டர் அறை சாத்தியிருந்தது.

“உள்ள யாரு?” என்று மனைவி கேட்டாள்.

“கணக்கெடுக்க வந்திருக்காங்க,” என்றாள் நர்ஸ். “நோயாளிங்க எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு கேட்டுட்டிருக்காங்க.”

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். “அந்தப் படிவம் மொத்தம் எத்தனை பக்கம்?”

“நாப்பத்தாறு.”

“எந்தப் புண்ணியவான் போட்டது?”

கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் அவர் அடம்பிடித்துச் சேர்த்தவை.

வலி மறுபடி வந்தது. இந்த முறை படியே ஏறவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே டாக்டருக்கு எதிரில், இவரிடமே பயிற்சி பெற்ற கணக்கெடுப்பு ஊழியர் பேனாவும் கையுமாக எழுந்து நின்றார்.

“எத்தனாவது பக்கம்?”

“ஒன்பது, சார்.”

“போதும். மிச்சத்தக் காலியா விட்டுடுங்க.”

ஊழியரின் முகம் வெளிறியது.

“டாக்டர், இவர உடனே பாருங்க,” என்றார் ஊழியர். “இவருக்கு ரொம்ப முடியல.”