கை ஊன்றாமல் ஐந்து முறை

பூட்டுக்கடைக்காரர் தன் மாடிவீட்டில் தனியாக இருந்தவரை, நாளைக்கு நாலு தடவையாவது நாற்பத்திரண்டு படி ஏறி இறங்குவார். ஒரு நாள் காய்ச்சலில் தலைசுற்றி விழுந்ததும், மகன் கையோடு தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். காய்ச்சல் மூன்றாம் நாளே கிளம்பிப் போனது. அவரை மட்டும் மகன் போக விடவில்லை.

மருமகள் தங்கமானவள். தொல்லையே அதுதான். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு அழைப்பு மணி. அழுத்தினால் டீ, மறுபடி அழுத்தினால் பேப்பர். செருப்புகூடக் காலைத் தேடி வரும். ஐந்து மாதம் இந்த ராஜவாழ்க்கை.

வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் நச்சரித்த நச்சரிப்பில், மகன் பிசியோதெரபி பெண் ஒருத்தியை வரவழைத்தான். மார்பில் கை கட்டிக்கொண்டு, எங்கும் ஊன்றாமல், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். முடிந்தால் மாடிவீட்டுச் சாவி அவர் கையில். முடியாவிட்டால் வீடு வாடகைக்கு.

மூன்று முறை எழுந்தார். நான்காவதில் பாதி வழியில் நின்று, தொப்பென்று உட்கார்ந்தார்.

விலை பேசியே வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? "மூணை அஞ்சா வெச்சுக்கம்மா. வயசுக்குத் தள்ளுபடி உண்டில்ல?"

"தள்ளுபடி போகத்தான் ஐயா அஞ்சு."

உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைந்துவிடும், இத்தனை வருஷம் அந்தப் படிகள்தான் இவரைக் காப்பாற்றியிருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மருமகள் முகம் வாடிவிட்டது. "நான் என்ன மாமா குறை வெச்சேன்?"

"குறையே வைக்கலையேம்மா. அதான்."

மகன் வாடகைக்கு ஆள் பார்ப்பதைப் பற்றி ஆரம்பித்தான். மருமகள் குறுக்கே புகுந்து, இரண்டு மாதம் கழித்து இன்னொரு சோதனை, அதுவரை அந்த வீட்டுப் பூட்டை யாரும் தொடக்கூடாது என்று பேச்சை முடித்தாள். மணியைக் கழற்றி அலமாரிக்குள் போட்டாள்.

மறுநாள் காலை டீ வரவில்லை. அவர் கனைத்துப் பார்த்தார். இருமியும் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் இருந்த மருமகள் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

"எனக்கும் சேர்த்துப் போட்டுடுங்க மாமா."

கைப்பிடியை அழுத்தி எழுந்தார். பால் எங்கே, தூள் எங்கே என்று துழாவி, டீ போட்டு, இரண்டு கோப்பைகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை பத்தலை."

போய் டப்பாவை எடுத்து வந்தார்.

"ஸ்பூன்?"

மறுபடி போனார். வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. டப்பா திறக்காமலேயே கிடந்தது. அவள் கோப்பையில் டீ முக்கால்வாசி காலி.

இப்படி ஒருத்தி கடையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு கிளை திறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்து அவள் பிஸ்கட் கேட்பதற்குள், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழப் பார்த்தார்.