மேடத்தின் நாற்காலி

அந்த அலுவலகத்தில் யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால் சூப்பிரண்டம்மாவின் நாற்காலி ஒரு நூலளவு மேலே போகும். கூடவே மேசையும் போகும். முதல் வருஷ முடிவில் அவள் கால் தரையை விட்டுவிட்டது. அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து மின்விசிறியைத் தள்ளி மாட்டிவிட்டுப் போனார். அடியில் பெருக்கச் சௌகரியமாகப் போச்சு என்று துப்புரவு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கோப்பும் டீயும் கூடையில் கயிறு கட்டி மேலே போயின. டீ போய்ச் சேருவதற்குள் ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிடும்.

ஆரம்பித்து வைத்தது அவளேதான், யாரைக் குறை சொல்ல? அதுவரை எல்லோருக்கும் அவள் அக்கா. அவளும் டைப்பிஸ்டும் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். பதவி உயர்வு வந்த அன்று, பெரிய அதிகாரி முன்னால் டைப்பிஸ்ட் வாய் நிறைய "அக்கா" என்றதும் இவளுக்குச் சுருக்கென்றது. "ஆபீஸ்ல மட்டும் மேடம்னு கூப்பிடும்மா" என்றாள், சிரித்துக்கொண்டேதான். டைப்பிஸ்டும் சிரித்தாள். நாற்காலி கிளம்பிவிட்டது.

மேலே இருந்து பார்த்தால் எல்லோருடைய வகிடும் தெரியும், முகம்தான் தெரியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணி வழியாக இறங்கி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் எச்சில் கையோடு எழுந்து நின்றது. "அட, உக்காருங்கப்பா!" என்றாள். ஒருத்தராவது உட்கார வேண்டுமே! பாவம், பசியோடு எத்தனை நேரம் நிற்பார்கள் என்று அவளே ஏறிப் போய்விட்டாள்.

டைப்பிஸ்ட் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் ஏணியடியில் வந்து நின்றாள். இவள் மேலிருந்து குனிந்து, "ஒரே ஒரு தடவை பழையபடி கூப்பிடுடி" என்றாள். கெஞ்சல்தான், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தாள், மூடினாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாய்ல வரமாட்டேங்குது, மேடம்."

இவள் தலை கூரையில் இடித்தது.

மறுநாள் தச்சர் வந்து கூரைப் பலகையில் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். நுழைத்துப் பார்த்தாள். மேல் மாடி, பெரிய அதிகாரியின் அறை. அவர் நாற்காலியின் நாலு கால்களும் அந்தரத்தில் நின்றன. எட்டாத உயரத்தில், திறக்காத சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மனுஷர். அவளுக்கு மனசு என்னவோ செய்தது. அப்பாடா, பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததே என்று ஆசையாகக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா, சார்?"

அவர் நாற்காலி ஒரு நூலளவு மேலே போனது.